ஒரே ஒழுங்கைக்குப் பத்து வருடம்: வறிய குடியிருப்புகளைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்பு நகரைச் சுற்றியுள்ள வறிய குடியிருப்புகளில் பழைய புகைப்படம் மிஞ்சியிருக்கும் வீடு குறைவு. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி கூரைகளோடு ஆல்பங்களையும் கொண்டுபோனது. 1990இல் போருக்குத் தப்பி உடுத்த துணியோடு ஓடியவர்கள் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடவில்லை. எஞ்சியிருந்ததை 2004 டிசம்பர் 26 காலையில் கடலோரக் குடியிருப்புகளான நாவலடியிலும் டச்பாரிலும் கடல் எடுத்தது. நடுத்தர வயதைத் தாண்டிய எத்தனையோ பேரிடம் தங்கள் குழந்தைப் பருவத்தின் முகம் இல்லை. தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான் அவர்களிடம் இருக்கும் மிகப் பழைய படம்.

இதே மனிதர்களைப் படமெடுக்க ஆட்கள் வராமலும் இல்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு தொண்டு நிறுவனக்காரர்கள் வந்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள், அறிக்கைக்குப் படம் தேவைப்பட்ட எல்லோரும் வந்தார்கள். எடுத்த படங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயின. தகரக் கொட்டிலின் வாசலில் நின்று முகம் கொடுத்த பெண்ணிடம் அவற்றில் ஒன்றும் வந்து சேரவில்லை.

ஒரு குடியிருப்பை வருடக்கணக்காகப் படமெடுக்க விரும்பும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். கமரா, வெளிச்சம், கோப்பு முறை எல்லாவற்றையும் பேசுவோம். அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கும் விதி ஒன்றுதான்: எடுத்த படம் எடுத்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். இதற்குச் சம்மதமில்லாதவர் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது ஊருக்கு நல்லது.

ஏன் இவ்வளவு காலம்

இந்த வழியில் நடந்த இருவரை அறிந்திருப்பது நல்லது. மில்டன் ரோகோவின் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண் பரிசோதகராகத் தொழில் செய்தவர். இடதுசாரிக் கருத்துகளுக்காக 1957இல் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு அழைக்கப்பட்டார், தொழில் நலிந்தது. 1972இல் தன் தொழில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த வறிய பகுதியில் வாழ்ந்தவர்களை எடுக்கத் தொடங்கினார். 1980களிலும் 1990களிலும் அதே மனிதர்களைத் தேடிப்போய் மறுபடி எடுத்தார். 2000க்குப் பிறகு, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், நான்காவது தடவையும் போனார். குழந்தையாக ஒரு படத்தில் நின்றவர் அடுத்த படத்தில் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். எப்படி நிற்பது என்பதைப் படத்தில் இருப்பவரின் விருப்பத்துக்கே விட்டார்; படத்தின் பிரதியையும் கொடுத்தார்.

மற்றவர் கமிலோ ஹோசே வெர்காரா, சிலியில் பிறந்தவர். 1970களிலிருந்து நியூயோர்க், கம்டன், டெட்ரோய்ட் போன்ற நகரங்களின் நலிந்த பகுதிகளை எடுத்து வருகிறார். மனிதரை விட அவர் அதிகம் பார்ப்பது கட்டடத்தை. நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரே கடை முகப்பை 1977 முதல் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். இரவு விடுதியாக இருந்த அந்த இடம் பல வியாபாரங்களுக்குக் கைமாறி, ஒரு காலத்தில் மெத்தைக் கடையாகவும் ஆனது. தனியாகப் பார்த்தால் எந்தப் படமும் பெரிதாக ஒன்றும் சொல்லாது. வரிசையாக வைத்தால் ஒரு நகரத்தின் பணம் எப்போது வந்தது, எப்போது போனது என்பது தெரிகிறது.

நமது ஊருக்கு இரண்டு வழியும் தேவை. அதற்கு இங்குள்ள வாழ்க்கை முறையே காரணம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குப் போகிறது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் இளைய பிள்ளைகளோடு அதே வளவில் ஒரு பக்கமாகவோ அடுத்த துண்டிலோ வேறு வீடு போட்டுக்கொள்வார்கள். அடுத்த மகளுக்கும் இதே கதைதான். ஒரு நாள் வந்து போகிறவரின் கமராவுக்கு இது நெருக்கடியாகவும் பூசாத கல்லாகவும் பாதியில் நின்ற சுவராகவும் தெரியும். பத்து வருடம் எடுப்பவருக்கோ அந்தப் பாதிச் சுவர் ஒரு மகளின் சீதனம் என்று தெரியும். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போன வருடம் அத்திவாரம், திரும்பி வந்த வருடம் சுவர், குழுக்கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் சிறுகடன்) எடுத்த வருடம் கூரை என்று அது வளரும். வறுமையை ஒரு படத்தில் காட்டிவிடலாம். அதற்குள் நடக்கும் உழைப்பைக் காட்டக் காலம் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஊரையே எடுக்க நினைக்காதீர்கள். ஒரு ஒழுங்கை, அதாவது ஒரு சிறு சந்து போதும். பதினைந்து, இருபது வீடுகள், ஒரு பெட்டிக்கடை, ஒரு கிணறு அல்லது பொதுக்குழாய், ஒரு சிறிய கோயில் அல்லது பள்ளிவாசல், வாவிக்கரை என்றால் தோணிகள் கட்டும் துறை, இவ்வளவும் இருந்தால் பத்து வருடத்துக்கும் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். தூரமான இடத்துக்கு ஆர்வம் இருக்கும் வரைதான் போவீர்கள். வேலை கிடைத்து, கல்யாணமாகி, பிள்ளை பிறந்த பிறகும் போகக்கூடிய இடமே நிலைக்கும். நீங்கள் பிறந்து வளர்ந்த ஒழுங்கையாக இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

இடம்பெயர்ந்து குடியேறிய பகுதிகளில் தொடங்குபவர்கள் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். நாவலடியிலிருந்து திராய்மடுவில் குடியேற்றப்பட்டவர்களின் வாழ்க்கை இரண்டு இடத்திலும் கிடக்கிறது: வீடு ஒரு பக்கம், வலையும் கடலும் மறுபக்கம். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்திலும் கடலோரத்திலிருந்து உள்ளே குடியேறிய குடும்பங்களுக்கு இதே முறை பொருந்தும்.

முதல் நாட்கள்: கமரா இல்லாமல்

ஒழுங்கைக்குள் முதலில் யாரோடு நுழைகிறீர்கள் என்பது பின்னால் வரும் வருடங்களைத் தீர்மானிக்கும். கிராம உத்தியோகத்தருக்குத் தெரியப்படுத்துவது நல்லதுதான். ஆனால் முதல் நாளே அவரோடு போய் நின்றால் அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்தின் பட்டியலைச் சரிபார்க்க வந்தவர் என்றே எண்ணுவார்கள். வங்கிக்காரர் போல உடுத்துப் பையோடு போனால் கடன் தவணைக்கு வந்தவர் என்று கதவு சாத்தப்படும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, மீனவர் சங்கத்தில் ஒருவர், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் என அந்த ஒழுங்கையிலேயே இருப்பவர் ஒருவரோடு போங்கள்.

முதல் மாதம் படம் எடுக்க வேண்டாம். பெட்டிக்கடையில் தேநீர் குடியுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், யார் யாருக்கு என்ன முறை என்பதைக் கேட்டு வையுங்கள். சகோதரிகளின் வீடுகள் எவை என்பது தெரிந்துவிட்டால் ஒழுங்கையின் பாதி வரைபடம் கையில் வந்துவிடும். மூத்தவர்களை அக்கா, அண்ணன், மாமி, பெரியப்பா என்றும் முஸ்லிம் ஊர்களில் காக்கா, ராத்தா, உம்மா என்றும் முறை வைத்தே அழையுங்கள். பெயர் சொல்லி அழைத்து யாரும் நெருங்கியதில்லை.

‘எந்த நிறுவனம்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். ‘நிறுவனம் இல்லை அக்கா. நான் தாண்டவன்வெளிப் பிள்ளை. இந்த ஒழுங்கையை வருடா வருடம் எடுத்து வைக்கப் போகிறேன். எடுக்கிற படத்தில் ஒன்று உங்களுக்குத் தருவேன். வீடு தருகிறேன், உதவி எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன்.’ இவ்வளவும் சொல்லியாக வேண்டும், குறிப்பாகக் கடைசி வசனம். வாக்குறுதிகளால் களைத்த மக்களிடம் இன்னொரு வாக்குறுதி போல ஒலிக்கும் எதையும் விடக்கூடாது.

அனுமதியை வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். வீடு அவருடையது. கணவர் திண்ணையில் இருந்து தலையாட்டினாலும், அந்தப் பெண் சொல்லும் வரை கடப்புக்கு (வேலி வாசலுக்கு) வெளியே நிற்பதே முறை.

கருவி

இதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. கையில் இருக்கும் கைத்தொலைபேசி போதும். அதன் பிரதான லென்ஸை மட்டும் பாவியுங்கள். சூம் செய்யாதீர்கள், வெட்ட வேண்டுமானால் பிறகு வெட்டலாம். அழகூட்டும் வசதிகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். மதில் சாயாமல் வரும். தனிக் கமரா இருப்பவர்கள் 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைத் தேர்ந்து அதையே வைத்திருங்கள். ஐந்தாம் வருடம் வேறு லென்ஸுக்குப் போனால் பழைய படத்தோடு ஒப்பிட முடியாமல் போகும். ஒழுங்கையில் எல்லாம் தெளிவாக வர லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்தால் போதுமானது.

கடற்காற்றில் உப்பு உண்டு. வீட்டுக்கு வந்ததும் கமராவை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மாரி காலத்தில் இதைச் செய்யாவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்.

நிலையான இடங்கள்

வேலையின் முதுகெலும்பு இதுதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

ஒழுங்கையில் எட்டு அல்லது பத்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே திசையில், அதே உயரத்தில் எடுக்கப் போகிறீர்கள். ஒழுங்கையின் வாய், அதன் முடிவு, பெட்டிக்கடை முகப்பு, கிணற்றடி, வாவியும் வீடுகளும் சந்திக்கும் ஓரம், மீன் வாடி, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீடு ஆகியவை வழக்கமாகப் பலன் தருபவை. வேறொன்றையும் தவறவிடாதீர்கள்: சுவரொட்டிகள் ஒட்டப்படும் மதில். கண்ணீர் அஞ்சலி, தேர்தல் முகங்கள், தனியார் வகுப்பு விளம்பரம், கோயில் திருவிழா அறிவித்தல் என்று அந்த ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதும் இடம் அது. அந்த மதிலை மாதம் ஒருமுறை எடுத்தால்கூட வீண் போகாது.

அதே இடத்தில் நிற்பது கேட்பதற்கு எளிது. செய்யும்போது இரண்டு அடி விலகியிருப்பீர்கள். அதைத் தவிர்க்க ஒரு முறை உண்டு. முதல் படம் எடுக்கும்போதே கிட்டவுள்ள ஒரு பொருளும் தூரத்திலுள்ள ஒரு பொருளும் ஒரே கோட்டில் வருமாறு நில்லுங்கள். மின்கம்பத்தின் இடது ஓரமும் பின்னால் இருக்கும் வீட்டின் யன்னல் மூலையும் தொட்டுக்கொள்ளட்டும். வலப்பக்கத்தில் இன்னொரு சோடியையும் அப்படிப் பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை முதல் படத்தின் பிரதியைக் கையில் எடுத்துச் சென்று, இரண்டு சோடியும் பொருந்தும் வரை முன்னும் பின்னும் நகருங்கள். பொருந்தும் இடம் ஒன்றுதான். நிலத்தில் வைக்கும் அடையாளம் மழையோடு போய்விடும், வீதியைக் கொங்கிரீட் போட்டால் மறைந்துவிடும். ஆனால் பொருள்களும் மாறும். கம்பத்தை மாற்றுவார்கள், வீட்டை இடிப்பார்கள். ஆகவே இடத்துக்கு இரண்டு சோடி போதாது, மூன்று வையுங்கள். ஒன்றாவது கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, பெரிய மரம் போல நீடிக்கக்கூடியதாக இருக்கட்டும். கமராவின் உயரத்தை உங்கள் உடம்பால் அளந்து எழுதுங்கள்: கண் உயரம், நெஞ்சு உயரம்.

வெளிச்சத்தைப் பற்றி நம் கரைக்கென்று சில செய்திகள் உண்டு. கல்லடி போன்ற இடங்களில் பிரதான வீதி கடலுக்கும் வாவிக்கும் நடுவே போகிறது. ஒழுங்கைகள் அதிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக இறங்குகின்றன. காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து ஒழுங்கையின் நீளத்துக்கு வரும். மாலையில் வாவிப் பக்கத்திலிருந்து வரும். ஆகவே ஒரே ஒழுங்கையை இரு முனையிலிருந்தும் எடுக்க விரும்பினால் காலையில் ஒரு முனை, மாலையில் மறுமுனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பாக மட்டக்களப்பில் சூரியன் மதியத்தில் நேர் உச்சிக்கு வரும்; அதன் பின் ஆவணி வரையில் மதிய வெயில் வடக்கிலிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து விழும். தை மாதத்தில் நிழலில் நின்ற சுவர் ஆனியில் வெயிலில் நிற்கும். இதை அறியாமல் தைப் படத்தையும் ஆனிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வீடு மாறிவிட்டது போலத் தோன்றும். மாறியது வெயில்தான். ஒப்பிடுவதற்கான படங்களை ஒரே மாதத்தில், ஒரே நேரத்தில் எடுங்கள்.

வருடத்துக்கு நான்கு சுற்றுப் போதும். மாரி மழை நடக்கும் கார்த்திகை, மார்கழியில் ஒன்று. தண்ணீர் வற்றிய பின் தைப்பொங்கலை ஒட்டி ஒன்று. கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வைகாசியில் ஒன்று. கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து கிடக்கும் ஆடியில் ஒன்று. மாமாங்கேஸ்வரரின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே கிளம்பும் நாளில் ஒழுங்கையை எடுத்துப் பாருங்கள். வருடம் முழுவதும் நிறைந்திருந்த திண்ணைகள் வெறுமையாக இருக்கும். முஸ்லிம் குடியிருப்பு என்றால் நோன்பு மாதத்தை ஒரு சுற்றாக வையுங்கள். அது வருடந்தோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகரும் என்பதைக் கணக்கில் எடுங்கள். சடங்கில் தெய்வம் ஆடுபவர்களைக் சடங்கை நடத்தும் பூசகரான கட்டாடியாரின் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம்.

இவற்றுக்கு வெளியே, காலம் தானாக ஒரு சுற்றைக் கொண்டுவரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வீதிகள் வாவியாயின. 2022இல் எரிவாயு கிடைக்காமல் விறகு அடுப்புகள் முற்றத்துக்குத் திரும்பின. மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. அந்த நாட்களில் ஏற்கெனவே நிலையான இடங்களை வைத்திருந்த ஒருவருக்கு அந்தப் பத்து இடத்தையும் போய் எடுத்தாலே போதுமாக இருந்திருக்கும். வெள்ள நாளில் படம் எடுக்க முன் மூட்டையைத் தூக்கிவிடுங்கள்.

மனிதர்களை எடுத்தல்

ஒளிந்து நின்று எடுப்பதையும் சட்டென்று முகத்துக்கு முன் கமராவை நீட்டுவதையும் தெருப் புகைப்படக் கலையின் இயல்பாகச் சிலர் கற்பிக்கிறார்கள். பெரிய நகரத்தின் சந்தியில் அது எப்படியோ போகட்டும். நாளைக்கும் அடுத்த வருடமும் முகம் பார்க்க வேண்டிய ஒழுங்கையில் அது நடக்காது. கேட்டு எடுங்கள்.

கேட்டால் இயல்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ‘கொஞ்சம் பொறு மகன்’ என்று உள்ளே போய்ச் சேலை மாற்றி, தலை சீவி, பிள்ளைக்குப் பவுடர் போட்டு வருவார்கள். அப்படியே எடுங்கள். வறியவர் கிழிந்த உடுப்போடுதான் படத்தில் இருக்க வேண்டும் என்பது படமெடுப்பவரின் ஆசை. தான் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் எடுக்கும் முடிவும் ஆவணம்தான், சொல்லப்போனால் மிக நேர்மையான ஆவணம். அன்றாட வேலையில் இருக்கும் படத்தை வேறொரு நாள் கேட்டு எடுக்கலாம். சில சுற்றுகள் போனதும் உங்களுக்காக யாரும் நிமிர மாட்டார்கள். வலை பின்னுகிறவர் பின்னிக்கொண்டே இருப்பார்.

பிள்ளைகள் முதலில் ஓடி வந்து கமரா முன் நிற்பார்கள். தாயிடமோ, தாய் வெளிநாட்டில் என்றால் வளர்க்கும் அம்மம்மாவிடமோ கேட்டுவிட்டே எடுங்கள். குளிக்கும் பிள்ளை, உடுப்பில்லாத பிள்ளை, அழும் பிள்ளை ஆகியோரை யார் அனுமதித்தாலும் எடுக்க வேண்டாம்.

அனுமதி கிடைத்தாலும் எடுக்கக்கூடாத, எடுத்தாலும் வெளியிடக்கூடாத படங்கள் உண்டு. வாவியின் ஒதுக்கு நிலத்தில் காணி உறுதியோ பேர்மிட்டோ இல்லாமல் இருக்கும் வீட்டின் படம் நாளை வெளியேற்றத்துக்குச் சான்றாகலாம். உதவிப் பணம் பெறும் குடும்பத்தின் வீட்டில் யாரோ கொடுத்த பழைய குளிர்சாதனப் பெட்டி தெரிந்தால் பொல்லாத ஒருவர் அதை வைத்து முறைப்பாடு எழுதலாம். குழுக்கடன் கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் தலைகுனிந்து நிற்கும் பெண்ணின் படம் அவருக்கு இரண்டாவது அவமானம். கசிப்பு (கள்ளச்சாராயம்), சண்டை, வெறியில் விழுந்து கிடப்பவர் போன்றவற்றை எடுத்து ‘உண்மையைக் காட்டினேன்’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த உண்மைக்கு விலை கொடுப்பவர் படமெடுத்தவர் அல்லர்.

செத்த வீட்டுக்கு அழைத்தால் போங்கள். இங்கே பல குடும்பங்கள் கடைசிப் பயணத்தைப் படமாக வைத்திருக்க விரும்புகின்றன. அந்தப் படங்களை உடனே கழுவிக் கொடுங்கள், வேறு எங்கும் காட்டாதீர்கள்.

படத்தைத் திருப்பிக் கொடுத்தல்

வட்ஸ்அப்பில் அனுப்பினால் கொடுத்ததாக ஆகாது. கைத்தொலைபேசி தண்ணீரில் விழும், அடகுக்குப் போகும், மகனின் கைக்கு மாறும். ஸ்டூடியோவில் கொடுத்து, 4க்கு 6 அங்குலத் தாளில் கழுவிக் கொடுங்கள். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் திகதியும் படத்தில் இருப்பவர்களின் பெயரும் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வரும்.

இரண்டு பிரதி கொடுப்பது என் வழக்கம். ஒன்று சுவருக்கு. அது வெயிலிலும் புகையிலும் மங்கும், மங்கட்டும். மற்றது பையில் வைக்க. உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, ஓட வேண்டி வந்தால் கையில் எடுக்கும்படி வைத்திருக்கும் வீடுகள் இந்தக் கரையில் நிறைய. அந்தப் பைக்குள் போகும் படம் அடுத்த வெள்ளத்தையும் தாண்டும். சூடாக்கி ஒட்டும் லமினேட் வேண்டாம். ஓரம் பிரிந்தால் ஈரம் உள்ளே தங்கிப் படத்தையே தின்றுவிடும். மூடக்கூடிய சிறிய பொலித்தீன் உறை போதும்.

ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீடு கேட்கும், கேட்கத்தான் வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே ஒழுங்கையின் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடம் ஒரு குடும்பப் படம் என்று முடிவு செய்து, அதற்கான செலவைக் கமராவுக்கு முன் கணக்குப் பாருங்கள். இருபது வீட்டுக்குக் கழுவ முடியாவிட்டால் பத்து வீட்டோடு தொடங்குங்கள். படம் எடுக்க நிற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். அடுத்த முறை படத்தில் நிற்பது உறவாக இருக்காது, கூலியாகிவிடும்.

படத்தைக் கொடுக்கும் நாளில் அவசரப்படாமல் உட்காருங்கள். படம் கைக்குக் கை மாறும்போதுதான் பேச்சு வரும். பின்னால் தெரியும் வேப்பமரத்தை யார் நட்டது, இப்போது மதில் இருக்கும் இடத்தில் முன்பு யாருடைய கிடுகு வேலி இருந்தது, படத்தில் இல்லாத மகன் எங்கே என்றெல்லாம் அவர்களே சொல்வார்கள். உங்கள் படக்குறிப்பின் முக்கால்வாசி அங்கேதான் கிடைக்கும். சில பெயர்கள் வரும்போது பேச்சு நிற்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் ஊர் இது. நின்ற பேச்சைத் துருவிக் கேட்காதீர்கள்.

குறிப்பும் கோப்பும்

அன்றன்று இரவே செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு கோப்புக்கும் வருடம், மாதம், நாள், இடத்தின் எண் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள்: 2025-01-16-இடம்04 என்பது போல. அப்போது கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். மூலப்படத்தில் கைவைக்காதீர்கள், திருத்தம் செய்வது பிரதியில் மட்டும்.

குறிப்பேடு இரண்டு வேண்டும். ஒன்றில் இடம், நேரம், வெயில், என்ன மாறியிருக்கிறது என்பவை. மற்றதில் பெயர்கள், யார் எதற்குச் சம்மதித்தார்கள், எதை வெளியில் காட்ட வேண்டாம் என்றார்கள் என்பவை. இரண்டாவதைப் பூட்டி வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். சம்மதம் என்பதும் ஒரு தடவை கேட்டு முடிகிற விஷயம் இல்லை. எடுக்கும்போது ஒருமுறை, வெளியிடும்போது ஒருமுறை கேளுங்கள். பன்னிரண்டு வயதில் சிரித்து நின்ற பிள்ளை இருபது வயதில் அந்தப் படம் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது அதை நீக்கிவிட வேண்டும்.

பிரதி மூன்று வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில். கரையோரத்தில் இருக்கும் வீட்டில் மூன்றையும் வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று எண்ண முடியாது. பதுளையிலோ கொழும்பிலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்து வருடம் ஒருமுறை மாற்றுங்கள். இணையச் சேமிப்பு இருந்தால் அதுவும் சேரட்டும்.

சட்டமும் சந்தேகமும்

தேசிய அடையாள அட்டையை எப்போதும் வைத்திருங்கள். இராணுவ முகாம், பொலிஸ் நிலையம், சோதனைச் சாவடி ஆகியவற்றின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளும் அனுமதியும் உண்டு. இந்த வேலைக்கு ட்ரோன் தேவையில்லை என்பது என் எண்ணம், மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும், முகம் தெரியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பெயரும் முகமும் முகவரியும் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் அதைப் படித்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு காத்தான்குடி போன்ற ஊர்களில் கமராவோடு வரும் அந்நியரைப் பற்றிய பயத்துக்குக் காரணம் உண்டு. அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள். யாராவது எதிர்த்தால் கமராவைத் தாழ்த்திவிட்டுப் பேசுங்கள். சட்டத்தில் இடமிருக்கிறது என்று வாதிட்டு வென்றவருக்கு ஒழுங்கையில் இடம் இருக்காது.

காட்சிக்கு வைத்தல்

முதல் காட்சி அந்த ஒழுங்கையிலேயே நடக்கட்டும். இரண்டு அல்லது மூன்று வருடப் படங்கள் சேர்ந்ததும், சனசமூக நிலையத்திலோ முன்பள்ளி மண்டபத்திலோ கயிறு கட்டி, துணிக் கவ்வியால் படங்களைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். நிலையான இடங்களைக் காலவரிசையில் பக்கம் பக்கமாக வையுங்கள். குறிப்பு தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு வரியில். ‘வறுமை’, ‘அவலம்’ என்ற சொற்கள் அந்த மண்டபத்தில் தேவையில்லை. படத்தில் இருப்பவர் பார்க்க வருகிறார் என்று நினைத்து எழுதினால் குறிப்பு தானாகச் சரியாக வரும்.

ஒரு கொப்பியும் பென்சிலும் வாசலில் வையுங்கள். பிழையான பெயரை, பிழையான வருடத்தை அவர்கள் திருத்துவார்கள். எந்தப் படம் வெளியூருக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டாரிடமும் அங்கேயே கேளுங்கள். வேண்டாம் என்ற படத்தைக் கயிற்றிலிருந்து கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மிஞ்சியவற்றை மட்டும் முகநூலுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ பத்திரிகைக்கோ கொண்டுபோகலாம். இணையத்தில் ஏற்றும் முன் கோப்பிலிருக்கும் இடக்குறியை (படம் எடுத்த இடத்தைக் காட்டும் தகவலை) நீக்குங்கள். வீட்டு இலக்கமும் வாகன இலக்கமும் தெரிந்தால் மறையுங்கள்.

இதே நாளில், ஒழுங்கையிலிருந்து கமராவில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, பத்து இடங்களின் பட்டியலையும் சோடிகளின் குறிப்பையும் காட்டுங்கள். அடுத்த சுற்றுக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிப் போய், நாலாம் இடத்தை மட்டும் அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.